பாலைவனத்துக்குப் போகும் வண்டிக்குக் காற்று எங்கிருந்து?

துபாயிலிருந்து ஹத்தாவுக்குப் போகும் சாலையில் அல் படாயர் என்ற இடத்தில் செக்கச் செவேலென்று ஒரு மணல்மேடு இருக்கிறது. இங்குள்ளவர்கள் ‘பிக் ரெட்’ என்பார்கள். குளிர்காலச் சனி, ஞாயிறுகளில் அதன் அடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மணலுக்குள் இறங்கும் முன் எல்லோரும் முதலில் செய்கிற வேலை ஒன்றுதான்: நாலு டயரிலும் காற்றை இறக்குவது. காற்றழுத்தத்தை அளக்கும் பிஎஸ்ஐ கணக்கில் 35 இருந்த டயர் 15-க்கு வந்துவிடும். மாலையில் வெளியே வந்ததும் அதே காற்றைத் திரும்ப ஏற்றியாக வேண்டும். இறக்குவதற்கு ஒரு சின்னக் குச்சி கூடப் போதும். ஏற்றுவதற்குத்தான் கருவி வேண்டும். அந்தக் கருவியை வாங்குவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

காற்றை ஏன் இறக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று குறைந்தால் டயர் பக்கவாட்டில் பரந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் பரக்கும்தான், ஆனால் தரையில் படுகிற பகுதி பெரும்பாலும் நீளவாக்கில்தான் கூடுகிறது. வண்டியின் எடை அதிகப் பரப்பில் பரவுவதால் டயர் மணலைத் தோண்டாமல் அதன் மேலேயே ஏறிப் போகும். ரால்ஃப் பேக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1920களிலும் 30களிலும் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் ஃபோர்டு கார்களை ஓட்டியே இந்த வித்தையைப் பழகினார். இரண்டாம் உலகப் போரில் தண்ணீரிலும் தரையிலும் ஓடிய அமெரிக்காவின் ‘டக்’ லாரிகளில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே டயரில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்திருந்தார்கள். கடலிலிருந்து மணற்கரைக்கு ஏறும்போது குறைத்துக்கொள்வது, தார்ச்சாலைக்கு வந்ததும் கூட்டிக்கொள்வது. நம் வண்டிகளில் அந்த வசதி கிடையாது. ஆகவே குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியதுதான்.

‘அப்படியே மெதுவாகப் போய் டயர் கடையில் அடித்துக்கொள்ளலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்திலேயே கடை இருந்தால் சரி. ஆனால் 15 பிஎஸ்ஐ-யில் தார்ச்சாலையில் வேகமெடுத்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும், சூடேறும், கடைசியில் கிழியும். அபுதாபியின் தெற்கே இருக்கும் லிவா பாலைவனத்துப் பக்கம் போனால் மணலை விட்டு ஏறும் இடத்திலிருந்து கடை வரை எவ்வளவு தூரம் உருட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காற்று கையோடு இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எவ்வளவு காற்று வேண்டும்? கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். டொயோட்டா பிராடோவில் வரும் 265/65 ஆர்17 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே சுமார் 70 லிட்டர் இடம் இருக்கும். 15-லிருந்து 35-க்கு ஏற்றுவது என்றால் 20 பிஎஸ்ஐ. காற்று மண்டலத்தின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 20-ஐ 14.7-ஆல் வகுத்து 70-ஆல் பெருக்கினால் 95 வருகிறது. அதாவது ஒரு டயருக்கு வெளிக்காற்றில் 95 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். நாலு டயருக்கு 380 லிட்டர்.

இப்போது மாருதி ஜிம்னியைப் பாருங்கள். 195/80 ஆர்15 டயர், உள்ளே 43 லிட்டர் அளவுதான். சாலையிலும் அதற்கு 26 பிஎஸ்ஐ போதும். 15-லிருந்து 26-க்கு ஏற்ற டயருக்கு 32 லிட்டர், நாலுக்கும் சேர்த்து 130 லிட்டர் போதும். பிராடோவுக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு. ஜிம்னிக்காரர் ஒருவர் ‘சூப்பர் பம்ப்பு, பத்தே நிமிஷம்’ என்று சொன்னதைக் கேட்டு லேண்ட் குரூசர்க்காரர் அதையே வாங்கினால், அரை மணி நேரம் இருட்டில் நிற்க வேண்டியதுதான்.

காற்றடிக்கும் கருவியான கம்ப்ரசரின் பெட்டி மேல் பெரிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? ‘150 பிஎஸ்ஐ’. இதைவிடப் பயனற்ற எண் அந்தப் பெட்டியில் வேறு இல்லை. நமக்கு வேண்டியது 35, மிஞ்சிப்போனால் 45. சின்ன பிஸ்டனை வைத்துக்கொண்டு 150 பிஎஸ்ஐ காட்டுவது பெரிய வித்தையல்ல, சைக்கிள் பம்ப் கூடக் காட்டும். பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியில் போடும் லிட்டர் கணக்கு, எதிர்ப்பே இல்லாமல் வெளியில் ஊதும்போது எடுத்தது. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற மோட்டார் திணறும். பிஸ்டன் தலைக்கு மேலே மிச்சமாகும் இடத்தில் அழுந்திய காற்று தங்கிவிடுவதால், அடுத்த இழுப்பில் புதுக் காற்றும் குறைவாகத்தான் உள்ளே வரும்.

ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் இதை வெளிப்படையாகவே அட்டவணை போட்டுத் தருகிறது. அவர்களுடைய ஒற்றை மோட்டார் கம்ப்ரசர் வெறுமனே ஊதும்போது நிமிடத்துக்கு 62 லிட்டர். 29 பிஎஸ்ஐ எதிர்ப்பில் 46-க்கு இறங்கிவிடுகிறது. இரட்டை மோட்டார் மாடல் 174-லிருந்து 132-க்கு வருகிறது. நல்ல தயாரிப்பிலேயே கால்வாசி போய்விடுகிறது என்றால், பெயர் தெரியாத 35 லிட்டர் பம்ப் 30 பிஎஸ்ஐ-யில் எவ்வளவு தள்ளும் என்று நீங்களே ஊகிக்கலாம். நம் 380 லிட்டரை வைத்துப் பார்த்தால், ஒற்றை மோட்டாருக்கு ஏழெட்டு நிமிடம். இரட்டை மோட்டாருக்கு மூன்று நிமிடம் கூட ஆகாது, குழாயை டயருக்கு டயர் மாற்றுகிற நேரம்தான் அதிகம். ‘35 லிட்டர்’ என்று எழுதிய சின்ன பம்ப்புக்குக் கணக்குப்படி 11 நிமிடம், நடைமுறையில் 16, 17. அதுவும் நடுவில் நின்றுபோகாமல் இருந்தால்.

நின்றுபோகும். அதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

காற்றை வேகமாக அழுத்தினால் சூடாகும். 45 டிகிரி வெயிலில் இழுத்த காற்றை 35 பிஎஸ்ஐ-க்கு அழுத்தினால், வெப்பம் எங்கும் கசியாத பட்சத்தில் அது 175 டிகிரியைத் தாண்டும். நிஜத்தில் அவ்வளவு வராது, சிலிண்டர் உடல் வழியாகக் கொஞ்சம் வெளியேறிவிடும். ஆனாலும் நாலாவது டயரில் இருக்கும்போது கம்ப்ரசரின் சிலிண்டர் தலையில் விரல் வைத்துப் பாருங்கள். வேண்டாம், வைக்காதீர்கள். குழாய் பொருந்தும் பித்தளை மூட்டுகூடச் சுடும். மலிவான ரப்பர் குழாய் அந்த மூட்டுக்குப் பக்கத்தில்தான் முதலில் இளகிப் பிய்ந்துகொள்ளும்.

இதற்காகத்தான் எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஓய வேண்டும் என்ற விகிதத்தைத் தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். 33 சதவீதம் என்றால் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் ஓடலாம், மீதி ஓய்வு. எந்த அழுத்தத்தில் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 100 பிஎஸ்ஐ-யில் 33 சதவீதம் என்பது நல்ல கருவி, 30-ல் அது அதைவிட அதிக நேரம் தாங்கும். அழுத்தத்தைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். இன்னொன்று, இந்த எண்களெல்லாம் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுத்தவை. செப்டம்பர் மாத ஷார்ஜாவில் அவற்றை அப்படியே எதிர்பார்க்க முடியாது. சூடு மிஞ்சினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாதது ஒருநாள் புகைந்துதான் நிற்கும்.

இந்தக் கம்ப்ரசர்களுக்கு எண்ணெய் கிடையாது. டெஃப்லான் வளையத்தில்தான் பிஸ்டன் ஓடுகிறது. உள்ளே மணல் போனால் அந்த வளையம் தேய்ந்து முடிந்தது. ஓடும்போது அதிர்வில் கருவி தானாக நகர்ந்து மணலில் போய் முகம் புதைத்துக்கொள்ளும். கீழே ஒரு பழைய ஃப்ளோர் மேட் போட்டு அதன் மேல் வையுங்கள். காற்று இழுக்கும் வாயில் இருக்கும் பஞ்சைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய முடிகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடலாம்.

மின்சாரம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர். அதாவது 120 முதல் 180 வாட். ஜிம்னி டயருக்கு அது போதும். பெரிய கம்ப்ரசர்கள் 30 ஆம்பியர் கேட்கும், இரட்டை மோட்டார் 50-ஐயும் தாண்டும். அவற்றைப் பேட்டரியில்தான் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். உங்கள் வண்டியில் பேட்டரி பானெட்டுக்குள் இல்லாமல் பின்னாலோ இருக்கைக்கு அடியிலோ இருந்தால், அதை எப்படி எட்டுவது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பின்டயரை எட்டவில்லையே என்று வயரை நீட்டுவதும் அடிக்கடி நடக்கிற தவறு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், 3 மீட்டர் தூரத்துக்கு 30 ஆம்பியர் அனுப்பினால், போய்வரும் வழியில் மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். மோட்டார் மெதுவாகும், சூடு கூடும். நீட்ட வேண்டுமானால் காற்றுக் குழாயை நீட்டுங்கள், அதில் இழப்பு மிகவும் குறைவு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். 12 வோல்ட்டில் இழுத்துப்பறித்து ஓடுவது, ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட் கிடைத்தால் நன்றாகவே ஓடும்.

நாலு டயருக்கும் ஒரே நேரத்தில் மாட்டும் நாலு கிளைக் குழாய் இப்போது பிரபலம். அதனால் வேகம் கூடிவிடும் என்று நினைக்காதீர்கள், கம்ப்ரசர் தருகிற அதே லிட்டர்தான் நாலாகப் பிரிகிறது. குனிந்து எழுவது மிச்சம். நாலு டயரும் ஒரே அழுத்தத்துக்கு வந்து நிற்பதும் உண்மையிலேயே வசதிதான்.

அடுத்தது கரியமில வாயு சிலிண்டர். அமெரிக்காவில் இதற்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, ஒரு டயர் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருக்கிறது. ஒரு கிலோ திரவம் வாயுவானால் சுமார் 540 லிட்டர். 4.5 கிலோ சிலிண்டரில் 2,400 லிட்டர், நம் பிராடோ கணக்கில் 25 டயர், அதாவது ஆறு வண்டி. படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால் வளைகுடா வெயிலில் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்க முடியாது. 20 டிகிரியில் 57 பார் (ஒரு பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ) இருக்கும் அழுத்தம், வெயிலில் பூட்டிய காருக்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சிலிண்டர் வெடிக்காமல் இருக்க ஒரு மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியே விட்டுவிடும். சிலிண்டர் தப்பிக்கும். வண்டிக்குள் ஆள் இருந்தால்? நாலைந்து கன மீட்டர் இடத்துக்குள் 2,400 லிட்டர் கரியமில வாயு. காற்றில் 10 சதவீதம் இருந்தாலே மனிதன் நினைவிழந்துவிடுவான். பிக்கப்பின் திறந்த பின்பகுதியில் நிழலாக வைத்துக் கொண்டுபோகிறவர்களுக்கு வேண்டுமானால் இது சரிவரும்.

வேறு தொல்லைகளும் இருக்கின்றன. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மீட்டர் காட்டாது. கடைசிச் சொட்டுத் திரவம் தீரும் வரை முள் அதே இடத்தில் நிற்கும், பிறகு திடீரென்று விழும். வீட்டில் சமையல் கேஸைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது போல இதையும் எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் வழியாக இந்த வாயு சாதாரணக் காற்றைவிடச் சீக்கிரம் கசிகிறது என்பதால், சில வாரங்களில் டயர் கொஞ்சம் இறங்கியிருக்கும். இந்தியாவில் இன்னொரு விபரீதமும் நடக்க வாய்ப்பு இருக்கிறது: 4.5 கிலோ தீயணைப்பு சிலிண்டர் எல்லா இடத்திலும் கிடைக்கிறதே, அதையே மாற்றிக்கொண்டால் என்ன என்ற யோசனை. வேண்டவே வேண்டாம். தீயணைப்பானுக்குள் அடிவரை ஒரு குழாய் இருக்கும், அது வாயுவை அல்ல, திரவத்தைத்தான் வெளியே தள்ளும். ரெகுலேட்டருக்குள் திரவம் போனால் உறைந்து அடைத்துக்கொள்ளும், அல்லது உடைந்துபோகும்.

கடலுக்குள் மூழ்கி நீந்துகிறவர்கள் முதுகில் சுமக்கும் சிலிண்டர் இதற்கு மாற்று. 12 லிட்டர் கொள்ளளவு, 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர். கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் உள்ளே இருப்பது வெறும் காற்று. எவ்வளவு மிச்சம் என்பதை மீட்டரே சொல்லிவிடும். ஃபுஜைரா பக்கம் நீர்மூழ்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இது ஏற்கெனவே வீட்டில் இருக்கும். 200 பாரை 7, 8 பாருக்கு இறக்கித் தரும் சரியான ரெகுலேட்டர் இல்லாமல் கிட்டேயே போகக் கூடாது. எடையும் அதிகம். வாரா வாரம் நிரப்பிக்கொண்டு வர யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பது வேறு கேள்வி.

நம் ஊர் லாரிக்காரர்களுக்கு இந்தத் தலைவலியெல்லாம் பெரிதாகக் கிடையாது. ஏர் பிரேக்குக்காக எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கிறது, அதிலிருந்து குழாய் எடுத்து டயருக்கு அடித்துக்கொள்ளலாம். ஜீப்புகளிலும் ஏசி கம்ப்ரசரை மாற்றி எஞ்சின் பெல்ட்டில் ஓட்டுகிறவர்கள் உண்டு. வேகம் என்றால் அதுதான் வேகம். ஆனால் இடம் பார்த்துத் தாங்கி செய்ய வேண்டும், எண்ணெய் பிரிக்க வேண்டும், புது வண்டியென்றால் வாரண்டியை மறந்துவிட வேண்டும். வெல்டிங் தெரிந்த மெக்கானிக் நண்பர் இருந்தால் யோசிக்கலாம்.

வண்டிக்கு அடியில் சின்ன ஏர் டேங்க் பொருத்தினால் டயர் சீக்கிரம் நிரம்பும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 5 லிட்டர் டேங்கை 120 பிஎஸ்ஐ-க்கு நிரப்பி 35 வரை இறக்கினால் கிடைப்பது 29 லிட்டர் காற்று. ஒரு பிராடோ டயரின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. டேங்கின் பயன் வேறு. மணலில் சட்டென்று வளைத்தால், காற்று குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இங்கே அதை ‘பாப் அவுட்’ என்பார்கள். திரும்ப உட்கார வைக்க நிதானமான காற்று உதவாது, ஒரே மூச்சில் குபீரென்று அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கு வழியாகவே எல்லாம் போய்விடும். அந்த ஒரு மூச்சைத்தான் டேங்க் தருகிறது. டேங்க் இல்லாதவர்கள் வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிவிட்டுக் குழாயை மாட்டினால் காற்று தடையில்லாமல் போகும். டயரைச் சுற்றி நடுவில் பட்டை போட்டு இறுக்கினால் ஓரங்கள் ரிம்மோடு சேரும். பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்து உட்கார வைக்கும் காணொளிகளைப் பார்த்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

சரி, சூட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இந்தியாவில் இதே கம்ப்ரசரை லடாக்குக்குக் கொண்டுபோகிறவர்கள் அதிகம், அங்கே சிக்கல் வேறு மாதிரி. கார்துங் லா 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு இழுப்பிலும் பாதிக் காற்றைத்தான் பிடிக்கிறது. கீழே 5 நிமிடத்தில் ஏறிய டயருக்கு மேலே 10 நிமிடத்துக்கு மேலாகும், மெல்லிய காற்று மோட்டாரைச் சரியாகக் குளிரவைக்கவும் செய்யாது. சென்னையில் அளந்து அடித்த டயர் அங்கே கூடுதலாகக் காட்டும் வேடிக்கையும் உண்டு. வெளியழுத்தம் 7 பிஎஸ்ஐ குறைவதால் மீட்டர் 7 கூட்டிக் காட்டும். அதில் பாதிக்கு மேல் குளிர் தின்றுவிடும், 35 பிஎஸ்ஐ டயரில் 6 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும். ஆகவே லடாக் போகிறவர்கள், தங்கள் டயருக்குப் போதும் என்று தோன்றுகிற கம்ப்ரசருக்கு ஒரு படி மேலே வாங்குவது நல்லது.

ஷாவ்மி போன்ற கைக்கு அடக்கமான பேட்டரி பம்ப்புகளை விட்டுவிட்டேன். இவை நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவில் தள்ளுபவை. பைக்குக்கும், காலையில் இரண்டு பிஎஸ்ஐ குறைந்திருக்கும் கார் டயருக்கும் அருமை. நாலு பெரிய டயரை 15-லிருந்து ஏற்றச் சொன்னால் இரண்டாவதோ மூன்றாவதோ டயரில் சார்ஜ் தீரும், அல்லது சூட்டில் நிற்கும். கையுறைப் பெட்டியில் ஒன்று கிடக்கட்டும், ஆனால் அதை நம்பி மணலில் இறங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஜிம்னி அளவு வண்டிக்கு நிமிடத்துக்கு 35, 40 லிட்டர் தரும் நம்பகமான ஒற்றை பிஸ்டன் பம்ப் தாராளம். மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா, பிராடோ என்றால் பேட்டரியில் கிளிப் போடும் 60 லிட்டருக்கு மேற்பட்டது. 33 அங்குல டயருக்குப் போனவர்களுக்கும் கன்வாயை நடத்துகிறவர்களுக்கும் இரட்டை மோட்டார். கூட்டமாகப் போகும்போது யாரிடமாவது பெரியது இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பத்து வண்டி ஒரே கம்ப்ரசருக்கு வரிசையில் நின்றால் அதன் ஓய்வு நேரத்தையும் சேர்த்துத்தான் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அப்போது சொந்தமாக ஒரு சின்ன பம்ப் வைத்திருப்பவர் முதலில் வீட்டுக்குப் போவார்.

வாங்கியதும் பார்க்கிங்கிலேயே சோதித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். நாலு டயரையும் 15-க்கு இறக்கி, போனில் நேரம் வைத்து, நிறுத்தாமல் ஏற்றுங்கள். மூன்றாவது டயருக்கு முதல் டயரைவிட எவ்வளவு கூடுதல் நேரம் ஆகிறது என்று பாருங்கள், சூட்டில் அது திணறுவது அங்கேயே தெரிந்துவிடும். பம்ப் ஓடும்போது அதன் மீட்டர் கூடுதலாகத்தான் காட்டும். நிறுத்திவிட்டு, தனி கேஜ் வைத்து அளந்து இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பெட்டியின் மேலேயே குறித்துவையுங்கள். திருகி மாட்டும் முனை என்றால் கழற்றும்போது எத்தனை பிஎஸ்ஐ போகிறது என்பதையும் பாருங்கள். சாக்கெட்டில் செருகும் வகை என்றால் கடைசியில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.